இரண்டடித் தொட்டியில் ஒரு கடல் சாமந்தி

கேள்வி:

ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் அம்மாவோடு குடியிருக்கிறேன். செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. ஐந்து மாதத்துக்கு முன் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கிக் கடல்மீன் வளர்க்க ஆரம்பித்தேன். இரண்டு கிளவுன் மீன்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு முன் ஈப்போவில் ஒரு கடையில் பபள் டிப் அனிமோன் (நுனி குமிழ்போல உப்பியிருக்கும் கடல் சாமந்தி) வாங்கி விட்டேன். முதல் வாரம் கையகலம் விரிந்து அழகாக இருந்தது. இப்போது சுருங்கி, வெளுத்து, வாய் பாதி திறந்தே கிடக்கிறது. ஓரிடத்தில் நிற்பதில்லை. எடுத்து நடுக்கல்லில் வைத்தால் மறுநாள் கண்ணாடியோரம் போய்விடுகிறது. தினமும் ஒரு இறால் துண்டு கொடுக்கிறேன்; ராத்திரி கக்கிவிடுகிறது.

வீட்டு ஃபில்டரில் பிடித்த தண்ணீரை அம்மாவின் செம்புக் குடத்தில் வைத்திருப்போம். தொட்டியில் மட்டம் இறங்கினால் அதிலிருந்து ஊற்றுவேன், சில நாள் உப்புக் கலந்து, சில நாள் வெறும் தண்ணீராக. லைட் தொட்டியோடு வந்த வெள்ளை லைட்தான். போன மாதம் விட்ட இரண்டு இறால் மூன்றாம் நாளே செத்துப்போயின. லூமுட்டுக்குப் போய்க் கடல்தண்ணீர் கொண்டுவந்து மாற்றினால் தேறுமா? கல்லில் நாலைந்து குட்டி அனிமோன் முளைத்திருக்கிறது; சாகப்போகிற நேரத்தில் குட்டி போடுமா? "ஓர் உயிரை வீட்டில் வைத்து வதைக்காதே, கடலில் கொண்டுபோய் விட்டுவிடு" என்கிறார் அம்மா. என்ன செய்வது?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, வழக்கம்போல வெயிலும் லைட்டும்தான் காரணமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை அம்மாவின் செம்புக் குடத்தில் வந்து கண் நின்றது. இன்றைக்கே அந்தக் குடத்தை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குடிக்க நல்ல குடம். தொட்டிக்கு ஆகாது.

செம்பில் ஓர் இரவு தண்ணீர் நின்றால் கொஞ்சம் செம்பு அதில் இறங்கும். நாம் குடித்தால் ஒன்றும் ஆகாத அளவுதான். மீனுக்கும் பெரிதாகத் தெரியாது. கடல்மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கொடுக்கிற மருந்தே பெரும்பாலும் செம்புதான், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவில் அது மீனைக் காப்பாற்றும். அதே அளவு இறாலையும் நத்தையையும் அனிமோனையும் கொன்றுவிடும். முதுகெலும்பில்லாத கடலுயிர்களுக்கும் செம்புக்கும் அப்படி ஒரு ஜென்மப் பகை. அதிலும் ஃபில்டர் தண்ணீர் தாது குறைந்த தண்ணீராக இருந்தால் உலோகத்தை இன்னும் கூடவே கரைக்கும். நீங்கள் தினமும் ஊற்றுகிறீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், செம்பு போகாது. இரண்டு மாதமாக அது தொட்டியிலேயே சேர்ந்துகொண்டிருக்கிறது. கிளவுன் மீன்கள் ஒன்றும் நடக்காததுபோல நீந்திக்கொண்டிருக்க, இறால் மட்டும் மூன்றாம் நாள் ஏன் செத்தது என்று கேட்டால் எனக்குத் தோன்றும் முதல் பதில் இதுதான்.

முதல் பதில் என்றுதான் சொல்கிறேன். உப்பு அளவு சட்டென்று மாறினாலும் இறால் சாகும். அதற்கும் உங்கள் கடிதத்தில் இடம் இருக்கிறது, வருகிறேன். செம்பு அளக்கும் டெஸ்ட் கிட் கடல்மீன் கடைகளில் கிடைக்கும், ஒன்று வாங்கிப் பாருங்கள். ஆனால் கிட் ஒன்றும் காட்டவில்லை என்பதால் நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். அனிமோனுக்குக் கெடுதல் செய்கிற நுண்ணிய அளவைக் காட்டும் சக்தி மலிவான கிட்டுகளுக்கு இல்லை. இரண்டு பக்கமும் வைத்தியம் செய்துவிடுவதே எனக்குப் பிடித்த வழி.

வைத்தியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மீன்தொட்டிக்கென்று விற்கும் கரித்துகளை ஒரு துணிப்பையில் கட்டி, தண்ணீர் ஓடுகிற இடத்தில் வையுங்கள். செம்பை உறிஞ்சுவதற்கென்றே தனி வடிபொருளும் உண்டு. கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் 5 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். இரண்டடித் தொட்டி என்று கடையில் சொன்னாலும் கல்லும் மணலும் போக உள்ளே இருப்பது ஏறக்குறைய 45 லிட்டர். இரண்டு வாரத்தில் ஏழு தடவை மாற்றினால் பழைய தண்ணீரில் பாதிக்கு மேல் வெளியே போயிருக்கும். ஒரே நாளில் பாதித் தண்ணீரைக் கொட்டி மாற்றுகிற வேலை வேண்டாம். நோயாளியைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி எடுப்பதுபோல ஆகிவிடும். கல்லும் மணலும் கொஞ்சம் செம்பைப் பிடித்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். ஆகவே கரியை ஒரு மாதமாவது எடுக்காதீர்கள். பத்து நாளைக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள்.

இப்போது உப்பு. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என்னிடம் வருகிற பாதிப் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உங்கள் 45 லிட்டரில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஒரு துளிகூடக் கிளம்பாது. ரசம் கொதிக்கக் கொதிக்கக் கரிக்கிறதல்லவா, அதே கணக்கு. தொட்டியில் மட்டம் இரண்டு விரல் அகலம் இறங்கினால் ஆறு லிட்டருக்கு மேல் போயிருக்கிறது என்று அர்த்தம். 35 ஆக இருந்த உப்பு அப்போதே 40-ஐத் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பினால் ஏறிய உப்பு ஏறியபடியே நிற்கும். மறுநாள் குடத்து வெறும் தண்ணீரைக் கொட்டினால் தடாலென்று இறங்கும். மீனுக்குச் செதில், தோல், சிறுநீரகம் என்று பல காவல். அனிமோன் ஏறக்குறைய தண்ணீர் நிரப்பிய பைதான். வெளியே உப்பு எப்படியோ உள்ளேயும் அப்படியே. உங்கள் அனிமோன் இரண்டு மாதமாக ஊஞ்சலில் இருக்கிறது. விரிந்தால்தான் அதிசயம்.

ஆவியான தண்ணீருக்கு வெறும் தண்ணீர்தான், என்றைக்கும். உப்புக் கலந்த தண்ணீர் நீங்கள் அழுக்குத் தண்ணீரை வெளியே எடுத்து மாற்றும் நாளுக்கு மட்டும். கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். வெறும் தண்ணீரை 1.5 லிட்டர் மினரல் வாட்டர் போத்தல்களில் பிடித்துத் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வையுங்கள். வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, கோடு வரைக்கும். இரவு ஷிப்டில் அம்மா ஊற்றலாம், குடத்தைத் தொடாமல். கையில் காசு இருந்தால் மிதவை வைத்துத் தானாகத் தண்ணீர் நிரப்பும் சின்னக் கருவி வாங்குங்கள். ஷிப்ட் வேலை பார்க்கிறவருக்கு அதைவிட நல்ல செலவு இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை.

உப்பை எதைக் கொண்டு அளக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே முள் ஆடும், அதுதான் என்று ஊகிக்கிறேன். அந்த முள்ளில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி ஒட்டினாலே பொய் சொல்லும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒரு துளி நீரில் ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் கருவி) வாங்கி, 35 என்று குறித்து விற்கும் சோதனைத் திரவத்தில் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது ஒப்படர்த்தி (வெறும் தண்ணீரோடு ஒப்பிட்ட கனம்) 1.025, 1.026. இப்போது மிக அதிகமாகக் காட்டினால் பதறி ஒரே நாளில் இறக்காதீர்கள். ஒரு நாளைக்கு 0.001 அளவுக்கு மேல் போகாமல் படிப்படியாக.

அடுத்தது உங்கள் கை. அனிமோன் நடப்பது கோளாறு என்று நினைத்து நீங்கள் தூக்கித் தூக்கி நடுக்கல்லில் வைக்கிறீர்கள். உங்களுக்குப் பார்க்க நடுக்கல் அழகு. அதற்கு வேண்டியது வேறு: பாதத்தை ஒளித்துவைக்க ஆழமான ஒரு பிளவு, கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் நீரோட்டம். பபள் டிப் வகைக்குப் பாதம் இருட்டிலும் தலை வெளிச்சத்திலும் இருக்க வேண்டும். அந்த இடத்தைத் தேடித்தான் நடக்கிறது. ஒவ்வொரு தடவை நீங்கள் பெயர்த்தெடுக்கும்போதும் பாதம் கிழியலாம். பாதத்தில் விழும் கிழிசல்தான் அனிமோனுக்கு வரும் காயங்களிலேயே மோசமானது. தொடாதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இருக்கட்டும்.

ஆனால் அது நடமாடும் வரைக்கும் பம்புக்கு வேலி போட வேண்டும். இதை என் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், என் வீட்டுத் தொட்டியில் தட்டு அகலத்துக்கு ஒரு கார்ப்பெட் அனிமோன் வைத்திருந்தேன். தண்ணீரைச் சுழற்றும் பம்புக்கு நான் எதுவும் போர்த்தவில்லை. ஒரு ராத்திரி அது நடந்துபோய்ப் பம்பில் மாட்டிக்கொண்டது. விடிந்து பார்த்தால் தொட்டி முழுக்கப் பால் கலக்கியதுபோல இருந்தது. மத்தியானத்துக்குள் ஒன்பது மீனும் போய்விட்டன. செத்த அனிமோன் கரைந்தால் அமோனியா ஏறும், கூடவே அதன் கொட்டும் செல்கள் தண்ணீர் முழுவதும் பரவும். வாசனை மூன்று நாள் வீட்டைவிட்டுப் போகவில்லை. நீங்கள் பம்பின் வாயில் துளைகள் பெரிதாக உள்ள ஸ்பாஞ்சைச் சுற்றிக் கட்டுங்கள், வாரம் ஒருமுறை அலசுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் அம்மாக்கள் மாதிரி நடந்துகொள்கிறீர்கள். இளைத்துப் போயிருக்கிறதே என்று தினமும் ஊட்டுகிறீர்கள். அனிமோனுக்கு ஒரே வாய்தான்; சாப்பிடுவதும் கழிவைத் தள்ளுவதும் அதே வழி. ஒரு இறால் துண்டைச் செரிக்க அதற்குச் சக்தி வேண்டும். சக்தி இல்லாதபோது கொடுத்தால் அப்படியே கக்கும், கக்கியது தண்ணீரைக் கெடுக்கும். நான்கு நாள் ஒன்றும் கொடுக்காதீர்கள். அப்புறம் வாரம் இரண்டு முறை, உரிக்காத உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிய அளவில் ஒரு துணுக்கு. பாசாரில் வாங்கும் பச்சை இறால் போதும், வேகவைக்கவோ உப்புப் போடவோ வேண்டாம். பம்பைப் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு, இடுக்கியில் பிடித்து, அனிமோனின் விரல்போல நீண்ட உறுப்புகளின் நுனிகளில் மெல்ல வைத்துவிடுங்கள். பிடித்துக்கொண்டால் நல்ல அறிகுறி. அந்தப் பத்து நிமிஷமும் கிளவுன் மீன் பிடுங்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு. காய்கறிக் கடைகளில் கிடைக்கும் ஓட்டைப் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து மூடிவைக்கிறவர்களும் உண்டு. நான் அதை முழுநேரமும் செய்யச் சொல்வேன், குறைந்தது இந்த மாதம். தெம்பில்லாத அனிமோனில் கிளவுன் மீன் புரண்டு உரசினால் அது மேலும் சுருங்கும். மீன் ஏமாந்துபோகுமே என்று கவலை வேண்டாம். கடலில் அனிமோனுக்குள் குடியிருக்கும் மீன்தான் என்றாலும், கிளவுன் மீனுக்குத் தொட்டியில் அனிமோன் தேவையே இல்லை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒசிலாரிஸ் வகையாக இருந்தால், அது இயற்கைக் கடலில் பபள் டிப்பில் குடியிருப்பதே இல்லை. வேறு மூன்று வகைகளில்தான் இருக்கும். தொட்டிக்கு வந்தபின் கிடைத்த வீட்டில் குடியேறிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வெளுப்புக்கு வருகிறேன். பேரில் சாமந்தி என்றாலும் இது பூவல்ல, விலங்கு. ஆனாலும் செடி போலப் பாதி வாழ்க்கை வாழ்கிறது. அதன் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அந்தப் பழுப்பு நிறமே அவற்றுடையதுதான். வெளிச்சத்தில் அவை சமைப்பதில்தான் அனிமோனின் சாப்பாட்டில் பெரும்பங்கு நடக்கிறது. சூடு ஏறினாலோ, வெளிச்சம் போதாவிட்டாலோ, தண்ணீர் கெட்டாலோ அந்தக் குடித்தனக்காரர்களை வெளியே அனுப்பிவிடும். அதுதான் வெளுப்பு. 2010-இல் கடல் சூடேறி நம் மலேசியப் பவளப்பாறைகள் வெளுத்தபோது தியோமான், ரெடாங் பக்கம் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதம் மூடியே வைத்தார்கள். உங்கள் ஹாலில் நடப்பது அதன் சின்னப் பதிப்பு. (கடைகளில் சுண்ணாம்பு வெள்ளையில் அனிமோன் வைத்து 'அபூர்வ வகை' என்பார்கள். பளீர் மஞ்சளில் இருந்தால் சாயம் ஏற்றியிருக்கவும் கூடும். இரண்டையும் வாங்காதீர்கள்.)

சுங்கை சிப்புட்டில் மத்தியானம் 33, 34 டிகிரி சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே, லைட்டும் பம்பும் சேர்ந்தால் தொட்டித் தண்ணீர் 31-ஐத் தொட்டுவிடும். அனிமோனுக்கு 25 முதல் 27 வரை சுகம். 28 என்றால் சமாளிக்கும். 30-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் வெளுக்கும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்குங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், ஆனால் அதன் விலை பல சமயம் தொட்டியின் விலையை மிஞ்சும். முதலில் ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீரின் மேல் சாய்த்து வையுங்கள்; மூடியிருக்கும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று டிகிரி குறையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஃபேன் வைத்தால் ஆவியாவதும் கூடும், ஆகவே போத்தல்களும் கோடும் இன்னும் முக்கியம். தொட்டி ஜன்னல் வெயில் விழும் சுவரோரம் இருந்தால் இடம் மாற்றுங்கள். விடிகாலையிலும் பிற்பகல் மூன்று மணிக்கும் சூட்டைக் குறித்துவையுங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று டிகிரி வித்தியாசம் வந்தால், ஒரு வாரக் குறிப்பைப் பார்த்துவிட்டுச் சில்லர் பற்றி யோசிக்கலாம்.

தொட்டியோடு வந்த வெள்ளை லைட் பெரும்பாலும் நன்னீர் மீனைப் பார்ப்பதற்கு. பவளத் தொட்டிக்கென்று நீலம் கலந்து வரும் எல்இடி வேண்டும். வாங்கியதும் முழு வேகத்தில் போடாதீர்கள். வெளுத்த அனிமோனுக்கு அது வெயிலில் தள்ளியதுபோல. கால்பங்கு வெளிச்சத்தில் ஆரம்பித்து நான்கைந்து வாரத்தில் ஏற்றுங்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், டைமர் போட்டு. உங்கள் ஷிப்டுக்கு ஏற்ப லைட் நேரமும் மாறிக்கொண்டிருந்தால் அதற்கு இரவு எது பகல் எது என்று தெரியாது.

குட்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். பபள் டிப் பெருகுவது உண்டு, ஆனால் அது உடம்பே இரண்டாகப் பிளந்து பெருகும். பிளந்தது தாயின் பக்கத்திலேயே, தாயின் சாயலிலேயே இருக்கும். கல்லில் அங்கங்கே முளைத்து, பழுப்பாக, கண்ணாடிபோல மெலிந்து, நிழல் பட்டால் சடக்கென்று உள்ளே இழுத்துக்கொள்கிறதா? அது ஐப்டேசியா என்ற வேறொரு சின்ன அனிமோன். தொட்டிக்குக் களை. கல்லோடு வந்திருக்கும். பிய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள். விட்டுப்போன துணுக்கிலிருந்தெல்லாம் புதிது முளைக்கும், லாலாங் புல் மாதிரி. அவற்றுக்கென்று விற்கும் பசையை ஊசியில் எடுத்து வாயில் வைத்து அடைப்பதுதான் வழி. இப்போதைக்கு அதுவும் வேண்டாம். நோயாளி தேறட்டும்.

லூமுட் தண்ணீர் வேண்டாம். ஆறுகள் வந்து விழும் கரை அது; மழைக்குப் பின் உப்புக் குறையும், சேறும் உரமும் சேர்ந்து வரும். படகுத்துறைப் பக்கம் எண்ணெயும் இருக்கும். நல்ல கடல் உப்பை வாங்கிச் சுத்தமான தண்ணீரில், பிளாஸ்டிக் வாளியில், ஓர் இரவு காற்றுக் குழாய் போட்டுக் கலக்கிவைப்பதுதான் நம்பகம். சமையல் உப்பு, கல்லுப்பு எதுவும் இந்த வேலைக்கு ஆகாது.

தோட்டத்துப் பக்கத்து வீடுகளுக்கென்று இன்னொன்று. டெங்கிக்குப் புகை அடிக்க வரும் நாளிலும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் நேரத்திலும், கொசுவர்த்தி ஏற்றும்போதும், காற்றுப் பம்பு அறையில் இருப்பதை அப்படியே உறிஞ்சித் தண்ணீருக்குள் விடும். பூச்சி மருந்து இறால், அனிமோனுக்கெல்லாம் நல்லதே இல்லை. காற்றுப் பம்பை நிறுத்தி, ஈரத்துணியால் தொட்டியை மூடி, தண்ணீரைச் சுழற்றும் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். புகை போய் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும். நீங்களோ வீட்டில் யாரோ மருந்தடிக்கும் வேலைக்குப் போய் வந்தால் முழங்கை வரை கழுவாமல் தொட்டிக்குள் கைவிடக் கூடாது. வெளியே எடுத்தபின்னும் கழுவுங்கள். அனிமோன் கொட்டிய கையைக் கண்ணில் வைத்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

சரி, சின்னத் தொட்டியில் இது முடியுமா? முடியாது என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஸ்காட்லாந்தில் ஜான் கிரஹாம் டேலியெல் என்ற இயற்கை ஆய்வாளர் 1828-இல் கடற்கரையிலிருந்து ஒரு சிவப்பு அனிமோனைக் கொண்டுவந்து கண்ணாடிக் குடுவையில் வைத்தார். அவர் 1851-இல் இறந்துபோனார். அனிமோன் இறக்கவில்லை. கைமாறிக் கைமாறி, பாட்டி என்று செல்லப்பேர் வாங்கி, 1887 வரை இருந்தது. 59 வருஷம், ஒரு குடுவையில். அனிமோனுக்கு முதுமை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. நாம் கொல்லாமல் இருந்தால் இருக்கும். ஆனால் அந்தப் பாட்டி அலை வந்து போகும் பாறையில் வாழ்கிற வகை. வெயில், மழை, உப்பு ஏற்ற இறக்கம் எல்லாம் பழகியது. உடம்புக்குள் பாசி கிடையாது, லைட் வேண்டாம். குளிர்நாட்டுக் கடல்நீரை வேறு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். உங்களிடம் இருப்பது பவளப்பாறையில் பிறந்த, ஏற்ற இறக்கம் தாங்காத, நன்றாக வளர்ந்தால் ஓரடி அகலம் விரியும் வகை. 45 லிட்டரில் ஓரடி அனிமோன் விரிந்தால் மீனுக்கு நீந்த இடம் இருக்காது.

தொட்டி மூன்று மாதம் ஆனபோதே அனிமோன் விட்டது அவசரம். விற்றவர் இதைக் கேட்டுவிட்டு விற்றிருக்க வேண்டும், கேட்கவில்லை போலிருக்கிறது. குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருஷம் ஓடிய தொட்டிதான் அனிமோனுக்கு. பாக்டீரியா, பாசி, சின்னச் சின்னப் பூச்சிகள் எல்லாம் நிலைபெற அவ்வளவு காலம் பிடிக்கும். அதற்காக இப்போது பிடுங்கி எங்கும் கொண்டுபோக வேண்டாம். இந்த நிலையில் பயணமே அதைக் கொன்றுவிடும். பாதம் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது, விரல்நுனிகள் இன்னும் ஒட்டுகின்றன என்றால் தேறுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. வெளுத்த அனிமோனுக்குப் பழைய நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். முதலில் வாய் இறுகும், நிறம் கடைசியில்தான். தேறியபின் மூன்றடித் தொட்டிக்கு மாறுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். இரண்டடித் தொட்டியில்தான் அனிமோன் வேண்டும் என்றால் மினி மேக்சி என்று விற்கும் குட்டிக் கார்ப்பெட் வகை இருக்கிறது. அகலமாகப் பரவாது, அதிகம் நடக்கவும் நடக்காது. நான் சிபாரிசு செய்வது அதைத்தான். தொட்டிக்கு ஒரு வயது ஆனபிறகு.

பிழைக்காமல் போவதற்கும் அடையாளம் சொல்லிவிடுகிறேன், சங்கடமாக இருந்தாலும். வாய் முழுக்கத் திறந்து உள்ளிருப்பது வெளியே தொங்கினால், பாதம் பிடியை விட்டு உருண்டால், தொட்டால் சளிபோலக் கையில் வந்தால், தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை அடித்தால் முடிந்தது. அந்த நிமிஷமே எடுத்துவிட்டு பத்து லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்தால் மீன்களும் போகும். சும்மா சுருங்குவதைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். நல்ல அனிமோனும் அவ்வப்போது தண்ணீரை வெளியே விட்டு, பழுப்பாகக் கழிவைத் தள்ளி, காற்றுப் போன பலூன் மாதிரி இரண்டு மணி நேரம் கிடந்துவிட்டு மறுபடி விரியும்.

அம்மா சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். வதைப்பதற்காக ஓர் உயிரை வைத்திருக்கக் கூடாது, சரிதான். ஆனால் கடலில் விடுவது விடுதலை ஆகாது. எந்தக் கடலில் பிடித்தது என்று நமக்குத் தெரியாது. தொட்டியில் ஒட்டிய நோயும் கூடப் போகும். லூமுட் கரைச் சேற்றில் அது ஒரு வாரம் தாங்காது. அதேபோல அடுத்த முறை தீவுப் பக்கம் போகும்போது கல்லில் ஒட்டிய அனிமோனைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். கடல் பூங்கா எல்லைக்குள் அது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

மூன்று வாரம் கழித்து எழுதுங்கள். உப்பு, சூடு இரண்டையும் நாள்வாரியாகக் குறித்த தாளைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். அனிமோனையும் ஒரு படம், லைட் போட்டு இரண்டு மணி நேரம் ஆனபின், நேர் மேலிருந்து, வாய் தெரிகிற மாதிரி. பக்கவாட்டில் எடுக்கும் படத்தில் எல்லா அனிமோனும் நன்றாகத்தான் இருக்கும்.